‘அடி வாங்காத பிள்ளை எது?’: சிறுவயதுக் கொடுமைக்கும் பின்னால் வரும் குடிக்கும் என்ன சம்பந்தம்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

“என் வீட்டுக்காரருக்கு 38 வயது. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவர். 11 வயதில் முன்பணம் வாங்கிக்கொண்டு முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை வாய் திறந்ததில்லை. முதுகில் தழும்பு இருக்கிறது. தீபாவளிக்கு வீட்டில் முறுக்குச் சுட்டால் அன்று முழுக்க வெளியே போய்விடுவார். ராத்திரி நிதானம் இல்லாமல்தான் வருவார். இரண்டு தடவை சென்டரில் சேர்த்தோம். வெளியே வந்து நாலு மாதம் நன்றாக இருக்கிறார், அப்புறம் பழையபடி. போன மாதம் டாக்டர் சின்ன வயதைப் பற்றிக் கேட்டதும் பாதியில் எழுந்து வந்துவிட்டார். மாமியாரிடம் சொன்னால், ‘அடி வாங்காத பிள்ளை எது? எல்லாரும் குடிக்கவா செய்யுறாங்க?’ என்கிறார். உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா? இருந்தால் நான் என்ன செய்யணும்?”

சம்பந்தம் இருக்கிறது. பல நாடுகளில், பல வருஷங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதியான விஷயம் இது. அதற்காக அது தலையெழுத்து ஆகிவிடாது. ஆனால் அவருடைய குடி எதை அடக்கி வைத்திருந்ததோ அதைக் கவனிக்காமல் குடியை மட்டும் நிறுத்தினால், நாலு மாதத்தில் பழையபடி ஆவதில் ஆச்சரியம் இல்லை. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது. இருந்தாலும் நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்கள் வீட்டில் நடப்பது இதுதான் என்றே தோன்றுகிறது. நான் மருத்துவர் இல்லை; மதுரையில் போதை மீட்பு ஆலோசகராக நெடுநாளாக வேலை பார்ப்பவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாமியார் கேட்டதை எடுத்துக்கொள்கிறேன். அதைத் தள்ளிவிட முடியாது, நியாயமான கேள்வி. வாத்தியாரிடம் “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போன அப்பாக்களின் பிள்ளைகள்தான் இன்று நம் ஊரில் நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள். அவர்களில் பெரும்பாலோர் குடிநோயாளி ஆகவில்லை. அடி வாங்கினால் குடிகாரன் ஆவான் என்று நேர்க்கோடு போட முடியாது.

எங்கே வித்தியாசம் வருகிறது என்றால், அந்த அடி எப்படிப்பட்டது, அதன் பிறகு என்ன நடந்தது என்பதில். எப்போது விழும் என்றே தெரியாத அடி இருக்கிறது. தப்பு செய்தாலும் விழும், செய்யாவிட்டாலும் விழும். ‘வெளியே சொன்னால் கொன்றுவிடுவேன்’ என்ற மிரட்டலோடு வரும் கொடுமை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அழுதுகொண்டு ஓடிப் போய் மடியில் விழ ஓர் ஆள் இருந்தாரா என்பது இருக்கிறது. ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, சண்டை, குடிகார வீடு என்று கஷ்டத்தில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தேறி வந்தார்கள். அப்படித் தேறியவர்களுக்குப் பெரும்பாலும் பாட்டியோ, அத்தையோ, டீச்சரோ, தங்களை விட்டுக்கொடுக்காத பெரியவர் ஒருவராவது இருந்தார்.

11 வயதில் முறுக்குக் கம்பெனிக்குப் போன பையனுக்கு அந்த ஒருவர்கூட இல்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி வட்டாரத்து மானாவாரிக் கிராமங்களில் மழை பொய்த்த வருஷங்களில் ஏஜெண்ட் வருவார். அப்பாவின் கையில் முன்பணம் கொடுப்பார். பையன் ஆந்திராவுக்கோ, மகாராஷ்டிராவுக்கோ, இன்னும் வடக்கேயோ ரயில் ஏறிவிடுவான். விடியுமுன் எழுப்பி மாவு பிசைய விடுவார்கள். ராத்திரிவரை கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். தூங்கி விழுந்தால் அடி, முறுக்கு கருகினால் சூடு. பேசுகிற பாஷை புரியாது. தப்பி ஓடினாலும் எந்தத் திசையில் ஊர் இருக்கிறது என்று தெரியாது. மீட்டுக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் சொன்ன கதைகள் இவை. முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்ய வைப்பதைக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே குற்றமாக்கிவிட்டது. அதாவது உங்கள் வீட்டுக்காரர் ரயில் ஏறியபோது அந்தச் சட்டத்துக்கே இருபது வயது ஆகியிருந்தது. வீட்டுச் சேட்டைக்கு அம்மா கரண்டியால் போட்ட அடியையும் இதையும் ஒரே வரிசையில் வைக்க முடியாது.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். என்ன பட்டினியோ, என்ன கடனோ, வேறு வழி தெரியாமல் அனுப்பியிருப்பார். ‘அதனால்தான் உன் மகன் குடிக்கிறான்’ என்று யாராவது சொன்னால் அந்த வயதில் அவரால் தாங்க முடியாது. அவர் அப்படிக் கேட்பது மனசாட்சியின் குத்தலைத் தள்ளிவிடத்தானோ என்னவோ. அவரோடு வாதாடி ஜெயிக்க முயற்சி செய்யாதீர்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஆபத்து வரும்போது உடம்பு கார்டிசால், அட்ரினலின் போன்றவற்றைச் சுரந்து நம்மை உஷார்படுத்துகிறது. ஆபத்து போனதும் அடங்கிவிடுகிறது. வளரும் வயதில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஆபத்துக்குள்ளேயே இருந்த பிள்ளைக்கு அந்த அடங்கல் சரியாகப் பழகுவதில்லை. அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்த பிறகும் களத்துமேட்டை விட்டு இறங்காத காவல்காரனைப் போல உடம்பு விழித்துக்கொண்டே இருக்கிறது. மூளையில் பயத்தை உணரும் அமிக்டலா சட்டென்று தூண்டப்படுவதாக இருக்கும். ‘பொறு, யோசி’ என்று பிடித்து நிறுத்த வேண்டிய முன்மூளையின் பிடி தளர்ந்திருக்கும். வெளியே பார்ப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும்? சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும். தூக்கம் பிடிக்காது. யாராவது பின்னால் நின்றால் ஆகாது. ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரும், இல்லையென்றால் எதுவுமே உறைக்காமல் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

இப்படிப்பட்ட உடம்புக்குள் முதல் தடவை சாராயம் இறங்கும்போது நடப்பது வேறு. மூளையின் பரபரப்பை அடக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது கூட்டிவிடுகிறது. சாதாரணமாக வளர்ந்த ஒருவருக்கு அது ஜாலி. இவருக்கோ வாழ்க்கையில் முதல் முறையாகத் தோள் இறங்குகிறது, நெஞ்சு அடங்குகிறது. என் முன்னால் உட்கார்ந்த எத்தனையோ பேர், ‘அன்னைக்குத்தான் சார் நல்லாத் தூங்குனேன்’ என்று அந்த முதல் குடியைச் சொல்லியிருக்கிறார்கள். வலியை அடக்க ஒருவர் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட மருந்துதான் போதை என்ற கருத்தை எட்வர்ட் கான்ட்ஸியன் என்ற மனநல மருத்துவர் 1985இல் விரிவாக எழுதினார். எல்லாருடைய குடிக்கும் அது பொருந்தாது. சிறுவயதுக் கொடுமை உள்ளவர்களிடம் நன்றாகவே பொருந்துகிறது. கொடூரம் என்னவென்றால் அந்த மருந்து நாளடைவில் அதே நோயைக் கூட்டுகிறது. போதை இறங்கும்போது பதற்றம் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். அப்புறம் பகல் 12 மணிக்குக் கடை திறக்கும்வரை கையும் நெஞ்சும் பொறுக்காது.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திவைத்தது அந்த முறுக்கு வாசனைதான். வாசனை, நினைவையும் பயத்தையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிட நேராகப் போய்ச் சேருகிறது. கொதிக்கும் எண்ணெயின் வாசனை எழுந்ததும் ‘இது என் வீடு, அடுப்படியில் நிற்பது என் பெண்டாட்டி’ என்று புத்திக்கு எட்டுவதற்குள் உடம்பு அந்தச் சட்டிக்கு முன்னால் போய் நின்றுவிடும். அவர் வெளியேறுவது உங்கள் மேல் கோபத்தால் இல்லை. பண்டிகையைக் கெடுக்க வேண்டும் என்றும் இல்லை. இந்த வருஷம் முறுக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், காரணம் சொல்லாமலே. அது ஒன்றும் பெரிய வைத்தியம் ஆகாது. ஆனால் தன்னை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஆய்வுகள் சொல்வதையும் பார்த்துவிடலாம். டாக்டர்கள் நிறையப் பேர் மேற்கோள் காட்டுவது அமெரிக்காவில் சான் டியகோவில் நடந்த ஒன்றை. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அன்டா இருவரும் நடத்தியது. முதல் கட்டுரை 1998இல் வந்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதில் அடி, வசை, பாலியல் கொடுமை, அம்மா அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடிகாரர் இருந்தது போன்றவற்றைக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். அவற்றில் எதுவுமே அனுபவிக்காதவர்களோடு ஒப்பிட்டால், நாலு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய் ஏழு மடங்குக்கு மேல் இருந்தது. ஊசி மூலம் போதை ஏற்றுவது பத்து மடங்கு. தற்கொலை முயற்சி பன்னிரண்டு மடங்கு. இவர்கள் சேரியில் வாழ்ந்த ஏழைகள் இல்லை. மருத்துவக் காப்பீடு வைத்திருந்த, பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்கத்தினர்.

‘குடிகார அப்பனின் பிள்ளை, ரத்தத்தில் வந்தது’ என்பார்கள். ரத்தத்துக்கும் பங்கு உண்டு. குடிநோய்க்கான காரணத்தில் ஏறக்குறையப் பாதி மரபணு வழி என்பது இரட்டையர் ஆய்வுகளின் முடிவு. அதே இரட்டையர்களை வைத்தே இன்னொன்றையும் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் கென்னத் கென்ட்லர் குழு வர்ஜீனியாவின் இரட்டைச் சகோதரிகளிடம் நடத்திய ஆய்வில், ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தும் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவருக்கு, ஆளாகாத சகோதரியைவிட மது, போதை அடிமைத்தனம் அதிகமாக இருந்தது. ஆகவே ரத்தம், வீட்டுச் சூழல் இரண்டையும் கழித்துப் பார்த்தாலும் கொடுமைக்கென்று ஒரு பங்கு மிஞ்சி நிற்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. அமெரிக்காவில் 1967 முதல் 1971 வரை நீதிமன்றத்தில் பதிவான குழந்தைக் கொடுமை வழக்குகளின் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் வளர்ந்த பின் தேடிப் பார்த்தார் கேத்தி விடம் என்ற ஆய்வாளர். பெண்களிடம் குடியோடு தொடர்பு தெளிவாகத் தெரிந்தது, ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. ஆண்கள் குடிக்க ஊரில் ஆயிரம் காரணம் இருக்கிறது, அதனால் இந்த ஒரு காரணம் கூட்டத்தில் மறைந்துபோகிறது என்பது என் கணிப்பு. பெண்கள் பக்கம் நம் ஊரில் இது வெளியே தெரிவதே இல்லை. அவர்கள் கடைக்குப் போவதில்லை, தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் பீரோவுக்குள் இருக்கும். இன்னொரு எச்சரிக்கை: சான் டியகோ ஆய்வை நடத்திய ராபர்ட் அன்டாவே 2020இல், எத்தனை வகைக் கொடுமை என்று எண்ணிப் போடும் இந்த மதிப்பெண்ணை வைத்துத் தனிமனிதர் ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்காதீர்கள் என்று எழுதினார். கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு அது. இணையத்தில் அந்தக் கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்காரருக்கு மார்க் போட வேண்டாம்.

இப்போது அந்த ‘நாலு மாதம்’. நாடு முழுக்க 2019இல் வந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். உங்கள் வீட்டுக்காரர் இரண்டு தடவை போனதே பெரிய விஷயம். அதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் நடப்பது நச்சு நீக்கமும் கொஞ்சம் அறிவுரையும்தான். உடம்பு தெளிந்து, சாப்பாடு இறங்கி, முகத்தில் களை வந்து வீட்டுக்கு வருவார். அடுத்த சில வாரங்களில்தான் வினை ஆரம்பிக்கும். இத்தனை வருஷமாக மது மூடி வைத்திருந்த கனவுகளும் நினைவுகளும் தடுக்க ஆள் இல்லாமல் மேலே வரும். மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருப்பவர்கள் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். பக்தி இருக்கும், விரதம் இருக்கும், ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு மனுஷன் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். குடும்பம் ‘குடி நின்னிருச்சு’ என்று நிம்மதியாக மூச்சுவிடும் நேரத்தில் அவர் உள்ளே எரிந்துகொண்டிருப்பார்.

முதலில் குடியை முழுக்க நிறுத்தட்டும், பழையதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் வெகுகாலமாக இருந்த முறை. இப்போது இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம் என்ற பக்கம் ஆதாரம் வலுத்திருக்கிறது. 2012இல் ஆஸ்திரேலியாவில் கேத்தரின் மில்ஸ் குழு செய்த ஆய்வில், போதைச் சிகிச்சையோடு பழைய பாதிப்புக்கான பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தபோது மன அதிர்ச்சியின் தொல்லைகள் கூடுதலாகக் குறைந்தன, போதைப் பழக்கமும் மோசமாகவில்லை. ‘கிளறினால் இன்னும் குடிப்பார்’ என்ற பயத்துக்கு அது ஒரு பதில். ஆனால் கிளறுவதற்குப் பயிற்சி வேண்டும். வீட்டில் நீங்களோ, சென்டரில் பயிற்சி இல்லாத ஆளோ செய்யக் கூடாது.

சென்டர் என்றதும் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. சில தனியார் இடங்களில் ராத்திரி வேனில் நாலு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிப் போகிறார்கள். உள்ளே அடிக்கிறார்கள், அறையில் பூட்டுகிறார்கள். சின்ன வயதில் வீட்டிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோகப்பட்டு, பூட்டி வைத்து அடிக்கப்பட்ட ஒருவருக்கு இதைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய கொடுமையை நாமே காசு கொடுத்து மறுபடி நடத்துகிறோம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இதையெல்லாம் தடை செய்கிறது. சங்கிலியால் கட்டுவது குற்றம், இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த இரண்டு தடவையும் அவரை எப்படிக் கொண்டுபோனார்கள், உள்ளே என்ன நடந்தது என்பதும் உங்களுக்கு முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். அடுத்த தடவை போகும் இடத்தில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் தினமும் வருகிறாரா, வாரம் ஒரு முறை எட்டிப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த நேரத்தில் அவரைப் பார்க்க விடாத இடம் வேண்டாம்.

என்ன செய்யலாம்? முதலில், வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் மூன்று, நாலு நாளில் வலிப்பு வரலாம். இல்லாத பூச்சி ஊர்வது, ஆள் நிற்பது தெரியும். ஆள் அடையாளம் குழம்பும். இது உயிருக்கு ஆபத்தான நிலை, சாமி வந்திருக்கிறது என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. மருத்துவமனையில் டையஸிபாம் வகை மாத்திரையும் தயமின் ஊசியும் கொடுத்துப் பத்திரமாக இறக்குவார்கள். மதுரையில் பனகல் சாலையில் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. 1992 முதல் மதுரையில் மனநல வேலை செய்யும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையிலும் விசாரிக்கலாம். போன் வழியாகப் பேச 14416 மனநலத்துக்கு, 14446 போதை மீட்புக்கு. சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

சாப்பாட்டில், காபியில் தெரியாமல் மருந்து கலந்து கொடுக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பெரும்பாலும் அது டைசல்ஃபிராம். அது உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். அதைவிட, ‘என் வீட்டுச் சோற்றை நம்ப முடியாது’ என்று ஆகிவிட்டால் யாரையுமே நம்பாமல் வளர்ந்த மனுஷனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? நால்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் ஈரலைப் பரிசோதித்து, அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துக் கொடுப்பார்.

டாக்டர் கேட்டதும் எழுந்து வந்தது கெட்ட சகுனம் இல்லை. கேள்வி போய்த் தொட வேண்டிய இடத்தைத் தொட்டிருக்கிறது, நேரம்தான் முந்திவிட்டது. அடுத்த முறை நீங்கள் தனியாக முன்கூட்டியே டாக்டரைப் பார்த்து, முறுக்குக் கம்பெனி, தழும்பு, தீபாவளி விஷயம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். ‘அவரிடம் நேராகக் கேட்காதீர்கள், தூக்கத்தைப் பற்றிக் கேட்டு ஆரம்பியுங்கள்’ என்று சொல்லலாம். தூக்கம் வரவில்லை, கெட்ட கனவு வருகிறது என்று சொல்ல எந்த ஆம்பளையும் கூச்சப்படுவதில்லை. அந்த வாசல் வழியாக நிறையப் பேர் உள்ளே வந்திருக்கிறார்கள்.

நீங்கள் அவரிடம் ‘அங்கே என்ன நடந்துச்சு?’ என்று தோண்டாதீர்கள், முக்கியமாகக் குடித்திருக்கும்போது. தெளிவாக இருக்கும் ஒரு காலையில், டீ கொடுக்கும்போது, ‘அந்த வயசுல உங்களை அனுப்பினது தப்புங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணல. சொல்லணும்னு தோணுறப்ப சொல்லுங்க, சொல்லாட்டியும் பரவாயில்ல’ என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பதில் வராது. வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். சண்டையில் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. ‘அங்க வாங்கின அடி பத்தல உனக்கு’ என்று ஒரு தடவை வாய்தவறி வந்துவிட்டால் அதன்பிறகு அவர் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்.

ஒருவேளை சொன்னால், அடியைவிட வேறு ஏதாவது இருக்கலாம் என்பதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார், நல்ல வேலைக்காரர், எப்போது வந்தாலும் நாற்காலியை நகர்த்திச் சுவரில் முதுகு ஒட்ட உட்காருவார். அப்பா அடித்ததை முதல் நாளே சொன்னார். வெகுநாள் கழித்துத்தான், தரையைப் பார்த்தபடி, சொந்தக்காரர் ஒருவர் ராத்திரியில் செய்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும், ‘நான் ஆம்பளதான சார்?’ என்று கேட்டார். அதைக் கேட்கும் பயத்தில்தான் இத்தனை வருஷமும் குடித்திருக்கிறார். நம் பக்கம் ‘ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆகிடப்போகுது’ என்ற ஒரே வாக்கியத்தில் எத்தனை பேருடைய வாயை அடைத்துவிட்டோம்! 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள், பையன்களும் பெண்பிள்ளைகளுக்குக் குறையாமல். அவர் அப்படி எதையாவது சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், துருவிக் கேட்காதீர்கள். ‘நம்புறேன்’ என்று சொன்னால் போதும்.

இதையெல்லாம் சொல்வதால் அவர் உங்களை அடித்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று ஆகாது. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சின்ன வயதில் நடந்தது அவருடைய குற்றம் இல்லை. இன்று அவர் கை ஓங்கினால் அது அவருடைய பொறுப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்காக இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. குடி நோயாளிகளின் குடும்பத்துக்கென்று அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன. அவர் திருந்துகிறாரோ இல்லையோ, நீங்கள் போகலாம். உங்களுக்கும் தூங்க வேண்டும், பேச ஓர் ஆள் வேண்டும்.

பிள்ளைகள் இருந்தால் அவர்கள் விஷயம் இன்னும் அவசரம். அப்பா குடிப்பதும் அம்மா அழுவதும் அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். இப்போது பள்ளிக்கூட வாசலிலேயே கூல் லிப் கிடைக்கிறது, கஞ்சா கிடைக்கிறது, வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிற கூட்டமும் இருக்கிறது. சீக்கிரம் தொடங்கும் போதை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அவர்களிடம் ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறோம். உன்னால் வந்தது இல்லை’ என்று அந்தந்த வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். ராத்திரி சத்தம் வந்தால் யார் வீட்டுக்குப் போய்ப் படுப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பாட்டியிடம் பிள்ளைகள் ஒட்டுதலாக இருந்தால் அதைக் கெடுக்காதீர்கள், மாமியாரோடு உங்களுக்கு ஆயிரம் மனஸ்தாபம் இருந்தாலும். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. வாத்தியாரிடம் ‘தோலை உரிங்க’ என்று நீங்களும் சொல்ல வேண்டாம். எந்தக் குழந்தைக்கும் எங்காவது தொல்லை நடப்பது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும் அன்று அவர் என்னென்ன மாத்திரை விழுங்குகிறார் என்பதை அட்டையோடு எடுத்துப் போங்கள், மெடிக்கலில் சும்மா வாங்கிய தூக்க மாத்திரை உட்பட. முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, எத்தனையாவது நாளில் வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அட்மிஷன் போட்டால் கூட ஓர் ஆள் இருக்கச் சொல்வார்கள். அவர் கேட்காவிட்டாலும் முதல் இரண்டு ராத்திரி நீங்களோ, அவர் நம்பும் ஓர் ஆளோ பக்கத்தில் இருங்கள்.